கடலும் பருவமும் – 9: வாடைக்காலத்துத் திருகோணமலை

வட அத்திலாந்திக்கின் குளிர்காலத்தில், மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்குவதோடு புயற்காற்றும் சேர்ந்து கடலை நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழம் வரை கலக்கிவிடுவதால், நீரோட்டத்தின் போக்கில் திரியும் நுண்தாவரங்களான தாவர மிதவைகள் நாளின் பெரும்பகுதியை வெயில் எட்டாத ஆழத்தில் கழிக்க நேர்கிறது. கலக்கம் ஓர் எல்லையைத் தாண்டினால், அவை ஒளித்தொகுப்பால் ஈட்டுவதைவிட இழப்பதே மிகும் என்று நோர்வேக் கடலியலாளர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப் 1953இல் விளக்கினார். அவ்வெல்லைக்கு 'மாறுநிலை ஆழம்' என்று பெயர்.

வாடைக்காற்று வீசும் மார்கழித் திருகோணமலையில் இக்கணக்கு செல்லாது. ஏறத்தாழ 8½ பாகை வட அகலக்கோட்டில் கிடக்கும் இக்கடலில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் 11½ மணி நேரத்துக்குக் குறையாததால், முகில் மூடிய நாள்கள் நீங்கலாக ஒளிக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் நைத்திரேற்று, பொசுபேற்று முதலிய போசணைப் பொருள்களுக்கே. ஆழத்தில் அவை நிறைய உண்டு, மேலே வரத்தான் வழியில்லை. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி, கோதாவரி முதலான பேராறுகள் வங்காள விரிகுடாவில் கொட்டிய நன்னீரை, ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கு நோக்கி ஓடும் கரையோர நீரோட்டம் இலங்கையின் கிழக்குக் கரைக்குக் கொண்டுவர, அதே மாதங்களில் 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலி கங்கையும் பெருக்கெடுத்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவை மண்நிறமாக்குகிறது. உப்புக் குறைந்த இந்த இலேசான நீர், பானைக்கு மூடி இட்டாற்போல உவர்நீரின் மேல் படிந்துவிடுவதால், காற்றின் வலு பெரும்பாலும் அம்மூடியிலேயே செலவாகிவிடுகிறது. இத்தகைய மூடியில்லாத வட அரபிக் கடலிலோ வறண்ட குளிர்காற்று நீரை 100 மீற்றர் அளவுக்குக் கலக்கிப் போசணையை மேலேற்ற, மாசி பங்குனியில் கடல் பச்சை பூக்கிறது.

எனினும் வாடைக்கால வங்கக் கடல் வெறுமையானதன்று. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் பி. என். விநயச்சந்திரனும் எஸ். மேத்யூவும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, விரிகுடாவின் தென்மேற்குப் பகுதியில் இப்பருவத்தில் மிதவைகள் பெருகுவதைச் செய்மதிப் படங்களில் கண்டு காரணமும் காட்டியது: இடஞ்சுழியாக வளையும் காற்றும் புவிச் சுழற்சியும் மேல்நீரை வெளிநோக்கி விலக்க, அவ்விடத்தை நிரப்ப ஆழநீர் எழுகிறது, சூறாவளி கடந்தால் இவ்வெழுச்சி மேலும் வலுக்கிறது. 2000 டிசம்பர் 26இல் திருகோணமலையருகே கரை கடந்த சூறாவளியையும், 2020 டிசம்பர் 2இல் குச்சவெளி, திரியாய்ப் பக்கமாக ஏறிய புரெவியையும் மாவட்டம் அழிவின் கணக்கில் வைத்திருக்கிறது. ஆனால் கடலின் மூடியை உடைக்கும் வலு இத்தகைய புயல்களுக்கே உண்டு. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். செய்மதி காட்டும் பச்சை முழுவதும் புதிய வளர்ச்சியன்று. ஆழத்தின் மங்கலொளியில், போசணைக்கு அருகே ஏற்கெனவே வாழ்ந்திருந்த மிதவைகள் மேலே தூக்கப்பட்டதும் அதில் அடங்கும்.

கலங்கிய நீரில் செழிப்பவற்றுள் முதன்மையானவை தயற்றங்கள். சிலிக்காவாலான நுண்துளை ஓட்டினுள் வாழும் இவை நீரைவிடக் கனமானவை, நீந்தும் உறுப்பும் அற்றவை; சில இனங்கள் மயிரிழை முட்களை நீட்டிச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு அமிழ்தலைத் தாமதிக்கின்றன என்றாலும், அசையாத நீரில் அவை இறுதியில் கீழிறங்கியே தீரும். வட அத்திலாந்திக்கில் உயிருக்கு உலையாகும் கலக்கமே இங்கு அவற்றைத் தாங்கியும் ஊட்டியும் நிற்கிறது.

கடல்நிறம் காணும் செய்மதிகள் முகிலை ஊடுருவமாட்டா. வாடைக்காலமோ முகிலின் காலம். ஆகவே வெவ்வேறு ஆழங்களில் நீர் மொண்டு உப்பையும் நைத்திரேற்றையும் அளப்பது இன்றியமையாதது. கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தலைநீட்டியிருப்பதால், அவ்வாழநீரைத் தேடித் திருகோணமலையிலிருந்து நெடுந்தூரம் போகத் தேவையில்லை.