கீழே வைக்காத ஆளோடு ஓமஹா

"யாருமே சீட்டைக் கீழ வைக்க மாட்டேங்கிறாங்கண்ணே. நான் எவ்வளவு ஏத்தினாலும் வந்து நிக்கிறாங்க. இவங்ககூட எப்படி ஆடுறது?"

மலையூரான ஜமுனாமரத்தூரின் டீக்கடையில் ஒரு தம்பி போனை என் பக்கம் திருப்பிக் கேட்ட கேள்வி இது. திரையில் ஓமஹா. போக்கர் குடும்பத்தில் நாலு சீட்டு ஆட்டம். கேள்வி நல்ல கேள்வி. பதில் ஒரு கிளாஸ் டீயில் முடியாது என்பதால் இரண்டு டீயாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

முதலில் காசைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவன் ஆடியது இலவசச் சிப்பில். அதனால்தான் விளக்கவே சம்மதித்தேன். காசு வைத்து ஆடும் ஆன்லைன் சீட்டு பற்றிய வழக்கு தமிழ்நாட்டில் நீண்ட வழக்கு. மாநில அரசின் 2021 தடைச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு முன்னாள் நீதிபதி கே. சந்துரு குழு அறிக்கை தந்தது, பேரவை புதிய மசோதாவை நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், பேரவை மறுபடி நிறைவேற்றி 2023 ஏப்ரலில் அது சட்டமானது. அந்த ஆண்டு நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்திருந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. பிறகு 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டம் திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரம் தள்ளிவிட்டது. காசு ஜெயிக்கக் காசு கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை. போக்கரில் திறமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனாலும் அந்தத் தடையில் எனக்கு வருத்தமில்லை. ஏன் என்பதைக் கணக்கோடு பின்னால் சொல்கிறேன்.

காசு போனதும் மேசையின் குணம் மாறிவிட்டது. இழப்பதற்கு ஒன்றுமில்லை என்றால் எந்தச் சீட்டும் ஆடத் தகுந்த சீட்டாகவே தெரியும். முன்பு மேசைக்கு ஒருவர் இருவர் என்று இருந்த தளர்ந்த ஆட்டக்காரர்கள் இப்போது மேசை முழுக்க இருக்கிறார்கள். ஆகவே தம்பியின் சிக்கல் அவன் ஒருவனுடைய சிக்கல் இல்லை.

ஓமஹாவில் ஆளுக்கு நாலு சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழும்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. கையிலிருந்து சரியாக இரண்டு, நடுவிலிருந்து சரியாக மூன்று எடுத்து ஐந்து சீட்டுக் கை அமைக்க வேண்டும். "சரியாக இரண்டு" என்பதைத்தான் பாதிப் பேர் மறக்கிறார்கள். நடுவில் ஒரே இனத்தில் நாலு சீட்டு விழுந்து, கையில் அந்த இனத்தின் ஏஸ் ஒன்று மட்டும் இருந்தால் அது ஃப்ளஷ் ஆகாது. இலவச மேசையில் அந்த ஒற்றை ஏஸை நம்பிக் கடைசிவரை வருகிறவர்கள் நிறைய.

நாலு சீட்டில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழி. ஆக ஒவ்வொருவர் கையிலும் ஆறு ஜோடி ஒளிந்திருக்கிறது. எதிரே ஐந்து பேர் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முப்பது ஜோடி. இரண்டு சீட்டு ஆட்டமான ஹோல்டெம்மில் அதே ஐந்து பேரிடம் ஐந்தே ஜோடிதான். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். ஹோல்டெம்மில் இரண்டு ஏஸ் கிடைத்தால், எதிரில் கண்ணை மூடி எடுத்த ஒரு கைக்கு எதிராக 100-க்கு சுமார் 85 தடவை ஜெயிக்கும். ஓமஹாவில் இரண்டு ஏஸோடு வரும் கை அதே சோதனையில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் ஜெயிக்கிறது. அதுவும் ஒருவருக்கு எதிராக. நாலு பேர் கூட வந்துவிட்டால் வெறும் ஏஸ் ஜோடிக்கு மதிப்பு மளமளவென்று சரிந்துவிடும்.

"அப்ப அவங்க பண்றதுதானே சரி? எல்லாச் சீட்டையும் ஆடலாம்ல?" என்றான். பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிற இடம் இது. எதிராளி தளர்ந்தால் நாமும் தளரலாம் என்று தோன்றும். ஓமஹாவில் அது நேர்மாறு. அவர் எதையும் கொண்டு வருகிறார் என்றால் கடைசியில் யாரோ ஒருவரிடம் மிகப் பெரிய கை இருப்பதற்கு வாய்ப்பு கூடுகிறது. ஆகவே நம் கை "நல்ல கை" என்றிருப்பது போதாது. அந்த நடுச்சீட்டுக்குச் சாத்தியமான உச்சக் கையாக அது மாற வேண்டும். அதைத்தான் நட்ஸ் என்கிறார்கள். தளர்ந்த எதிராளிக்கு எதிராக நம் ஆட்டம் முழுவதும் அந்த நட்ஸை நோக்கியே சாய வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். கையில் ஜாக்கி, 10, 7, 6. நடுவில் 9, 8, 2, மூன்றும் வேறு வேறு இனம். எந்தச் சீட்டு விழுந்தால் நமக்கு வரிசை, அதாவது ஸ்ட்ரெயிட், அமையும்? ராணி நாலு, 5 நாலு. ஜாக்கி, 10, 7, 6 ஆகியவற்றில் நம் கையில் இருப்பது போக தலா மூன்று. மொத்தம் 20 சீட்டு. பார்க்காத சீட்டு 45, இன்னும் இரண்டு விழ வேண்டும். அமைவதற்கு வாய்ப்பு 100-க்கு சுமார் 70. தம்பிக்குக் கண் விரிந்தது. யாருக்கும் விரியும்.

இப்போது அந்த 20-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். ராணி விழுந்தால் நம்முடையது உச்ச வரிசை. 7, 6, 5 விழுந்தாலும் அப்படியே. ஆனால் ஜாக்கி விழுந்தால்? நம் வரிசை 7-இலிருந்து ஜாக்கி வரை. ராணியும் 10-ம் வைத்திருப்பவருக்கு 8-இலிருந்து ராணி வரை. அவர் ஜெயிப்பார். 10 விழுந்தாலும் இதே கதை, ராணியும் ஜாக்கியும் வைத்திருப்பவர் நம்மைத் தாண்டுவார். இறுக்கமாக ஆடுகிற ஒருவர் என்றால், ஒழுங்கில்லாத நாலு சீட்டில் ராணி இருந்தது என்பதற்காக உள்ளே வந்திருக்க மாட்டார். தளர்ந்தவர் வந்திருப்பார். ஆக அவருக்கு எதிராக அந்த ஆறு சீட்டை நம் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். மீதி 14. வாய்ப்பு 70-இலிருந்து சுமார் 53-க்கு இறங்குகிறது.

அதே நடுச்சீட்டுக்கு இன்னொரு கை: ராணி, ஜாக்கி, 10, கூட ஒரு 4. இதற்கு வரிசை தரும் சீட்டு 13 மட்டும்தான். 20-க்கு எதிரே 13, ஏழையாகத் தெரியும். ஆனால் ராணி, ஜாக்கி, 10, 7 எது விழுந்தாலும் அமைவது உச்ச வரிசை. பதின்மூன்றும் முதல்தரம். வாய்ப்பு 100-க்கு சுமார் 50. முந்தைய கையின் உண்மையான 53-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? கிட்டத்தட்ட ஒரே கை. திரையில் ஒன்று பணக்காரனாகவும் மற்றொன்று பஞ்சையாகவும் தோன்றியதுதான் வித்தியாசம்.

ஆரம்பச் சீட்டைப் பொறுக்குவதற்கும் இதே பார்வை. நாலும் ஒன்றோடொன்று பேச வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி, 4 என்று வந்தால் அந்த 4 யாரோடும் சேராது, ஆறு ஜோடியில் மூன்று செத்துப்போகும். தளர்ந்தவர் பாதி நேரம் இப்படி மூன்று ஜோடியோடு உள்ளே வருகிறார். நாம் ஆறும் உயிரோடு இருக்கும் கையில் மட்டும் வந்தால் முதல் சீட்டு விழுமுன்பே சாதகம் நம் பக்கம்.

இனி சிப் போடுகிற விஷயம். நடுவில் சேர்ந்த சிப் மொத்தத்துக்கு பாட் என்று பெயர். ஓமஹாவைப் பெரும்பாலும் பாட் அளவு வரைதான் போடலாம் என்ற வரம்போடு ஆடுகிறார்கள். பாட்டில் 100 இருக்கிறது, நம்மிடம் ஒன்றும் அமையவில்லை, அவரை மிரட்டி விரட்ட 100 போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இதுதான் பிளஃப். அவர் பத்தில் மூன்று தடவைதான் கீழே வைப்பவர். மூன்று தடவை 100 கிடைக்கும், ஏழு தடவை 100 போகும். சராசரியாக ஒவ்வொரு மிரட்டலுக்கும் 40 நஷ்டம். இப்போது அதே ஆளிடம், அவர் வந்து பார்த்தாலும் 100-க்கு 80 தடவை ஜெயிக்கக்கூடிய கையோடு அதே 100 போடுகிறோம். பத்தில் ஏழு தடவை பார்ப்பார், பார்க்கும்போது சராசரியாக நமக்கு 60 மிஞ்சும். பார்க்காத தடவைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், ஏற்கெனவே நடுவில் கிடந்த பாட் போக, போட்டதற்காக மட்டும் 42 லாபம். ஒரே ஆள், ஒரே தொகை. மிரட்டினால் 40 போகிறது, கையிருந்து போட்டால் 42 வருகிறது. தம்பி இத்தனை நாள் செய்துகொண்டிருந்தது முதலாவது. கீழே வைக்க மாட்டார் என்று அவனே சொல்கிறான், அவரைக் கீழே வைக்கச் சொல்லித்தான் சிப்பையும் போட்டுக்கொண்டிருந்தான்.

கையிருந்தால் பயந்து கொஞ்சமாகப் போடக் கூடாது. ஒரே ஒருவர் கூட வருகிறார் என்றால், முழுப் பாட் அளவு போடும்போது ஒவ்வொரு சுற்றிலும் பாட் மூன்று மடங்காகும். 7-இல் தொடங்கினால் 21, 63, 189. மூன்று சுற்றில் நாம் போட்டது 91. அவரும் அதே 91. எடுத்த எடுப்பில் சின்னதாக ஆரம்பித்துவிட்டால் கடைசிச் சுற்றில் உச்சக் கை இருந்தும் அவரிடமிருந்து வாங்க வேண்டியதை வாங்க முடியாது.

இரண்டாவது டீ வந்தபோது காசுக் கணக்குக்கு வந்தோம். நூறு நூறு போட்டு இரண்டு பேர் ஆடும் 200 பாட்டில் மேசை நடத்துகிறவர் 5 சதவீதம் எடுக்கிறார் என்று கொள்வோம். 100-க்கு 52 தடவை ஜெயிக்கும் திறமைசாலிக்கு அந்த வெட்டு இல்லாவிட்டால் பாட்டுக்குச் சராசரியாக 4 லாபம். வெட்டு போனால் 1.20 நஷ்டம். எதிராளியை விடத் திறமையாக ஆடியும் தோற்கிறார். போதாததற்கு, இந்தியாவில் ஆன்லைன் காசு ஆட்டத்தில் 2023 அக்டோபர் 1 முதல் கட்டிய தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. வரியையும் உள்ளடக்கி 100 ரூபாய் கட்டினால் ஆட மிஞ்சுவது 78 ரூபாயை ஒட்டி. நிகர வெற்றியில் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. ஓமஹாவில் கைகளுக்கு இடையிலான தூரம் ஏற்கெனவே குறைவு. அந்தக் குறுகிய சந்தில் இத்தனை பேருக்கு வழிவிட்ட பிறகு சின்ன மேசையில் ஆடுகிறவருக்கு நிற்க இடமில்லை. மலையிலிருந்து திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போகிற பையன்கள் சம்பளத்தை அதில் வைத்தால் என் மனம் தாங்காது. அதனால்தான் தடைக்கு வருந்தவில்லை என்றேன். ஆட்டத்தின் மீதான மதிப்பு அதனால் குறையவில்லை.

"ஒருத்தர் தளர்வா ஆடுறாருன்னு எத்தனை கையில தெரியும்ணே?" இதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சி. அவர் தானாக விரும்பிச் சிப் போட்டு எத்தனை கை ஆடுகிறார் என்று பார்க்க வேண்டும். ஆறு பேர் மேசையில் கவனமாக ஆடுபவர் 100-க்கு 25, 30 கை ஆடுவார். 50 கையில் 30 ஆடியவரின் உண்மையான அளவு பெரும்பாலும் 100-க்கு 46-க்கும் 74-க்கும் இடையில் எங்கோ இருக்கும். துல்லியமில்லை, ஆனால் கீழ்க்கோடி 46-கூடத் தளர்வுதான். அது சீக்கிரம் தெரிந்துவிடும். கடைசிச் சுற்றில் கீழே வைப்பாரா என்பது அப்படித் தெரியாது, கடைசிச் சுற்றுவரை வரும் கைகளே குறைவு. காவலூர் வானாய்வகத்தில் ஒரு ராத்திரி மேகத்தை வைத்து வானத்தை முடிவு கட்டுவதில்லை, அந்தப் பொறுமை இங்கும் வேண்டும். ஒரு தடவை அவர் அசட்டுத்தனமாக வந்து கடைசிச் சீட்டில் நம்மை முந்திவிட்டால் அதை வைத்து எதையும் மாற்றக் கூடாது.

தளர்ந்தவர்களில் இரண்டு ரகம். பார்த்துக்கொண்டே வருவார், தானாக ஏற்றவே மாட்டார் என்பவர் ஒரு ரகம். இதுவரை சொன்னதெல்லாம் அவருக்குத்தான். அவரிடம் ஒரே ஒரு எச்சரிக்கை: கடைசிச் சுற்றில் அவர் திடீரென்று ஏற்றினால் அவரிடம் நட்ஸ் இருக்கிறது. நம் இரண்டாந்தர வரிசையை மனம் கேட்காமல் போனாலும் கீழே வைத்துவிட வேண்டும். தளர்ந்தவர்களிடம் சம்பாதித்த சிப்பில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்தில்தான் திரும்பிப் போகிறது.

இன்னொரு ரகம் எதையும் பிடித்துக்கொண்டு ஏற்றிக்கொண்டே இருப்பவர். அவர் போடுவதில் பாதிக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. அதனால் அவரிடம் மட்டும் நட்ஸ் இல்லாத கையோடும் நின்று பார்க்கலாம். நாம் முந்திக்கொண்டு ஏற்றினால் அவருடைய வெத்துக் கைகள் ஓடிவிடும், அவர் கையாலேயே போட விட வேண்டும். அதற்கு அவர் என்ன செய்தார் என்று பார்த்த பிறகு நம் முறை வர வேண்டும். ஆட்டம் இடப்பக்கமாகச் சுற்றுவதால் அவருக்கு இடப்பக்க நாற்காலிதான் நமக்கு இடம். தம்பி போனை எடுத்துப் பார்த்தான். ஏற்றிக்கொண்டே இருந்தவர் அவனுக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேசையை விட்டு வெளியே வந்து, அந்த ஆளுக்கு இடப்பக்க இடம் காலியாகிறதா என்று பார்க்கச் சொன்னேன்.