சிறுவர் ஓட்டமும் குனிந்த புறப்பாடும்

பாடசாலை விளையாட்டுப் போட்டியொன்றிலே நாம் கண்ட காட்சி இது. 11 வயதினர்க்கான 100 மீற்றர் ஓட்டம். வெடியோசை கேட்டதும், கையூன்றிக் குனிந்திருந்த சிறுவனொருவன் இரண்டாம் அடியிலே குப்புற வீழ்ந்தான். முழங்கால் தோலுரிந்து எழுந்தவனிடம், "குனிந்தது போதாது" என்றார் பயிற்றிய ஆசிரியர். குனிந்தது மிகுதி என்பதே எமது கருத்து.

1896இல் ஏதென்சில் நடந்த ஒலிம்பிக்கில், அமெரிக்கரான தோமஸ் பேர்க் இவ்வாறு குனிந்து புறப்பட்டே 100 மீற்றரை 12 செக்கனில் ஓடி வென்றார். நின்று புறப்படுவோர் மலிந்த அந்நாளில் அது புதுமை. கால் ஊன்றுதற்கு மண்ணிலே குழி தோண்டுவது அக்கால வழக்கம். உதைகட்டைகள் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1948இல், இலண்டனில். நம் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் பெற்றதும் அவ்விழாவிலேதான்.

"ஆயத்தம்" என்றதும் வளர்ந்த வீரர் இடுப்பைத் தோளினும் சற்று உயர்த்துவர். முன்முழங்கால் ஏறக்குறையச் செங்கோணமாய் மடங்கும். பின்முழங்கால் அதனினும் விரிந்திருக்கும். வெடித்ததும் இரு கால்களும் உதைக்கும். பின்னங்கால் முதலில் விடுபட, முன்னங்கால் நெடுநேரம் தள்ளும். நெடுநேரமென்பதும் ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்களவே!

அக்கணத்தில் வீரரின் உடல் முன்னோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறது. அதனை விழாமற் காப்பது அவ்வுதையின் வலிமையும், அடுத்த காலை விரைந்து ஊன்றும் திறனுமேயாம். சிறுவர்க்கோ உடலெடையோடு ஒப்பிடுமிடத்துத் தசைவலி குறைவு. உடலளவுக்குத் தலை பெரிது. தாழக் குனிந்த நிலையிலிருந்து எழ வேண்டிய விசை அவர்களிடம் இல்லை. ஆதலால், ஒன்றில் இடறுவர். அன்றேல் முதலடியிலேயே நிமிர்ந்துவிடுவர். நிமிர்ந்தபின் குனிந்ததனால் வந்த பயன் யாது?

முதலடி நிலத்திற் பட்டதும் கணுக்கால் சற்று மடங்கியே பின் நிமிரும். கெண்டைக்காற்றசை உறுதியற்றதாயின் மடக்கம் மிகும். உந்துதற்குரிய காலம் அதிலே கழிந்துவிடும். பெரியோரின் படத்தைப் பார்த்துச் சிறுவனின் முதுகை வளைப்பதால் இக்குறை தீராது.

400 மீற்றர் வரையிலான ஓட்டங்களிற் குனிந்து புறப்படல் கட்டாயமென்னும் சர்வதேச விதி, பெரும் போட்டிகளுக்குரியது. சிறுவர் முதலில் ஒரு காலை முன்வைத்து, உடலைச் சாய்த்து, நின்றே புறப்படட்டும். பின்னர் ஒரு கையூன்றட்டும். இரு கைகளும் கட்டையும் தசை முற்றும் வயதிற்கு வரலாம்.

விழுந்த சிறுவனை மறுவாரம் நின்றபடி ஓடச் செய்தோம். மூன்றாவதாக வந்தான், முழங்காற் கட்டு அவிழவுமில்லை.