மீன்தொட்டி வெப்பமூட்டி

மீன்தொட்டி வெப்பமூட்டி என்பது வெப்பமண்டல மீன்கள் வளரும் தொட்டியில் நீரின் வெப்பநிலை குறையாமல் காக்கும் மின்கருவி ஆகும். கடையில் 'ஹீட்டர்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். மீனின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரைப் பொறுத்தே அமையும். நீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், நோய் எதிர்ப்பாற்றல் குறையும். உடலில் உப்புத் தூவியதுபோல் தோன்றும் வெண்புள்ளி நோய் பெரும்பாலும் இப்படிப்பட்ட வேளையில்தான் தொற்றுகிறது.

தேவை

வாங்குமுன் ஒரு வெப்பமானியைத் தொட்டியில் இட்டு, ஒரு வாரம் விடியற்காலையிலும் பிற்பகலிலும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். கையை விட்டுப் பார்த்து இரண்டு பாகை வேறுபாட்டை யாராலும் சொல்ல முடியாது. திசையன்விளை, உவரி போன்ற கடலோர ஊர்களில் கப்பி, மோலி வளர்ப்போருக்கு மார்கழியில்கூட இக்கருவி பெரும்பாலும் தேவைப்படாது. இங்கே சிக்கல் சித்திரை, வைகாசியில்தான். 25 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்சிசன் கரையும். 35 பாகையில் 7 மில்லிகிராமுக்கும் குறைவு. வெப்பமூட்டி நீரைக் குளிர்விக்காது. அப்போது காற்றுக் குழாயும் மின்விசிறியுமே உதவும்.

மாஞ்சோலை, உதகமண்டலம் போன்ற மலைப்பகுதிகளிலும், இரவெல்லாம் குளிரூட்டி ஓடும் அறைகளிலும் நிலைமை வேறு. 28 முதல் 30 பாகை வரை கேட்கும் டிஸ்கஸ் மீனுக்குச் சமவெளியிலும் மழைக்காலத்தில் வெப்பமூட்டி வேண்டியிருக்கும். தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது. அதற்கு வாங்குவது வீண் செலவு.

எத்தனை வாட்?

அறையைவிட நீர் 5 பாகை கூடுதலாக இருக்க, லிட்டருக்கு 1 வாட் என்பது நடைமுறைக் கணக்கு. மலைப்பகுதியில் இது இரு மடங்காகலாம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். 50 வாட் போதும்.

பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று பலர் 300 வாட் கருவியை வாங்கிவிடுகின்றனர். பள்ளியில் படித்த தன்வெப்பக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் நீரை 1 பாகை சூடாக்க ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும். 54 லிட்டருக்கு 2,26,800 ஜூல். வெளியேறும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், 50 வாட் கருவி இதற்கு 75 நிமிடம் எடுக்கும், 300 வாட் கருவி பன்னிரண்டரை நிமிடம். வெப்பக் கட்டுப்படுத்தி பழுதாகி, கருவி அணையாமல் ஓடுவதே இதில் அடிக்கடி வரும் கோளாறு. அப்படி நேர்ந்தால் 300 வாட் கருவி 26 பாகை நீரை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் 36 பாகைக்குக் கொண்டுபோய்விடும். நாம் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் மீன்கள் மிதக்கும். 50 வாட் கருவியில் கவனிக்க அவகாசம் கிடைக்கும். தொட்டி பெரிதானால் ஒரு பெரிய கருவிக்குப் பதில் இரண்டு சிறியவற்றை இரு ஓரங்களில் வைப்பது மேல்.

கட்டுப்படுத்தி இல்லாமல் எந்நேரமும் எரியும் மலிவான குழாய்களும் விற்கின்றன. அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பொருத்துதல்

நீரோட்டம் உள்ள இடத்தில், வடிகட்டியின் அருகே, மணலில் புதையாமல் பொருத்த வேண்டும். கடினநீர் உள்ள ஊர்களில் கண்ணாடிக் குழாயில் வெண்ணிறப் படிவு சேரும். அவ்வப்போது கருவியை வெளியே எடுத்து, ஆறியபின், எலுமிச்சைச் சாற்றால் துடைத்து நன்கு கழுவலாம். மின்கம்பி சுவர்ச் செருகிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி இருந்தால், கம்பி வழியே வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சாதனம் வீட்டில் இருப்பது அவசியம். நீருக்குள் கைவிடுமுன் செருகியைக் கழற்ற வேண்டும். பிள்ளைகள் தொட்டியைச் சுத்தம் செய்யும் வீட்டில் இதைப் பெரியவர்களே செய்யலாம். நீர் மாற்றுவதானால் கழற்றியபின் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சூடான குழாய் நீர்மட்டத்துக்கு வெளியே வந்து, அதன்மேல் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி வெடித்துவிடும்.