வெளியூர் மேடை தந்த நடிகர் டெல்லி கணேஷ்

டெல்லி கணேஷ் என்ற பெயரைக் கேட்டதும், அவர் டெல்லியில் பிறந்து வளர்ந்தவர் என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர் நடித்த படங்களைப் பார்த்தால் இன்னும் குழப்பம்தான் வரும். ஒரு படத்தில் சென்னை ரிக்‌ஷாக்காரர், ஒன்றில் மிருதங்க வித்துவான், மற்றொன்றில் பாலக்காட்டுச் சமையல்காரர். எது அவருடைய சொந்தத் தமிழ் என்று கண்டுபிடிப்பது சிரமம்.

உண்மையில் அவர் நெல்லைச் சீமைக்காரர். 1944 ஆகஸ்ட் 1 ஆம் நாள் வல்லநாட்டில் பிறந்தார். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. பெற்றோர் இட்ட பெயர் கணேசன். பள்ளிவாசல், மூணாறு, தேவிகுளம் தோட்டங்களில் வாழும் நம்மில் பலருடைய பாட்டனாரும் பூட்டனாரும் அதே நெல்லைச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் மலையேறி வந்தவர்கள்தாம். அந்த வகையில் அவர் நமக்கு ஊர்க்காரர்.

அவரைப் பற்றி நம் இதழில் எழுத வேறொரு காரணமும் உண்டு. நம்மைப் போலவே வெளியூருக்குப் பிழைக்கப் போன தமிழர்கள், வேலை நேரம் போக மீந்த பொழுதில் நடத்திய நாடக மேடையில் வளர்ந்தவர் அவர். சங்கத்தின் பொங்கல் விழா நாடகத்துக்கு ஆள் சேர்க்கப் போகும்போதெல்லாம், "இதெல்லாம் எதற்கு? யார் பார்க்கப் போகிறார்கள்?" என்ற கேள்வியை நாம் கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாக டெல்லி கணேஷின் வாழ்க்கையைச் சொல்லலாம்.

விமானப்படையில் பத்து ஆண்டுகள்

கணேசன் 1964 இல் இந்திய விமானப்படையில் சேர்ந்தார். 1974 வரை பணியாற்றினார். அரசாங்க உத்தியோகம் கிடைத்தால் குடும்பமே கரையேறியதாகக் கருதப்பட்ட காலம் அது. தலைநகரில் பணியில் இருந்தபோது 'தட்சிண பாரத நாடக சபா' என்ற தமிழ் நாடகக் குழுவில் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்.

அந்நாளைய டெல்லித் தமிழர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் படைப் பிரிவுகளிலும் வேலை பார்க்கத் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், பாலக்காட்டிலிருந்தும்கூட, குடும்பங்கள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. பகலெல்லாம் இந்தியும் ஆங்கிலமும் பேசிய வாய்க்கு மாலையில் தமிழ் தேவைப்பட்டது. கோயில், பாட்டு, நாடகம் என்று அவர்கள் கூடினார்கள். அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்த பூர்ணம் விஸ்வநாதனும் டெல்லியில் தமிழ் நாடகம் போட்டவரே. பின்னாளில் அவரும் தமிழ்ச் சினிமாவில் மறக்க முடியாத குணச்சித்திர நடிகரானார்.

இத்தகைய மேடையில் பணம் கிடையாது. அலுவலகம் முடிந்து வந்துதான் ஒத்திகை. ஆனால் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் புரியும்படி பேச வேண்டும். எதிரில் நிற்பவர் வசனத்தை மறந்தால் சமாளித்துக் கொடுக்க வேண்டும். பார்வையாளர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் பாலக்காட்டுக்காரரும் ஒரே வரிசையில் அமர்ந்து பார்க்கும்போது, ஒவ்வொருவர் பேச்சும் நடிகரின் காதில் விழும். பல ஊர்த் தமிழை அவர் பின்னாளில் இயல்பாகப் பேசியதற்கு இந்தப் பழக்கமும் உதவியிருக்கும் என்றே எண்ணத் தோன்றுகிறது.

பட்டினப் பிரவேசம்

முப்பது வயதில் விமானப்படையை விட்ட கணேசன், சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் நடித்தார். அக்குழுவுக்கு நாடகங்கள் எழுதியவர்களில் ஒருவர் விசு. அந்தக் காலத்துச் சென்னை சபாக்களில் நடித்தவர்களும் பெரும்பாலும் அலுவலக ஊழியர்களே. இயக்குநர் கே. பாலச்சந்தர் கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். நாகேஷ் ரயில்வேயில் இருந்தவர். ஆகவே சினிமாக்காரர்கள் புதிய நடிகரைத் தேடி சபா நாடகங்களுக்கு வருவது வழக்கமாக இருந்தது.

விசு எழுதிய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை பாலச்சந்தர் படமாக எடுத்தார். படம் 1977 இல் வெளிவந்தது. கணேசனுக்கு அதுவே முதல் படம். டெல்லியிலிருந்து வந்தவர் என்பதால் 'டெல்லி கணேஷ்' என்று பெயர் சூட்டியவரும் பாலச்சந்தரே. கிராமத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயரும் ஒரு குடும்பம், பட்டண வாழ்க்கையில் எப்படிச் சிதறுகிறது என்பதுதான் அப்படத்தின் கதை. ஊர் விட்டு ஊர் வந்து ஒரு கலைஞர், ஊர் விட்டு ஊர் போன குடும்பத்தின் கதையில் அறிமுகமானது பொருத்தமே.

நாயகன் அல்லாத நடிகர்

அதன் பிறகு நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் அவர் நடித்தார். 1981 இல் 'எங்கம்மா மகாராணி' என்ற படத்தில் கதாநாயகனாகவும் நடித்ததுண்டு. ஆயினும் அவருடைய இடம் வேறு. அப்பா, மாமா, மேலாளர், நண்பர், வில்லன் என்று கதையைத் தாங்கும் பாத்திரங்களே அவருக்கு அமைந்தன. இவர்களைத்தான் குணச்சித்திர நடிகர்கள் என்கிறோம். கதாநாயகனுக்காக ரசிகர் கூட்டம் வரும், ஆனால் கதை நம்பும்படி இருப்பதற்குக் குணச்சித்திர நடிகர்களே பொறுப்பு.

1979 இல் துரை இயக்கிய 'பசி' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. சென்னைக் குடிசைப் பகுதியில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் குப்பம்மா என்ற பெண்ணின் கதை. அப்பாத்திரத்தில் நடித்த ஷோபா சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். குப்பம்மாவின் தந்தையான ரிக்‌ஷாக்காரர் முனியாண்டியாக டெல்லி கணேஷ் நடித்தார். நெல்லையில் பிறந்து டெல்லியில் சீருடை அணிந்திருந்தவரின் வாயில் சென்னைக் குடிசைத் தமிழ் பிசகின்றி வந்தது. அதற்காகத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் அவருக்குக் கிடைத்தது.

1985 இல் வந்த பாலச்சந்தரின் 'சிந்து பைரவி'யில் அவர் மிருதங்க வித்துவான் குருமூர்த்தி. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததால் மேடையேற முடியாமல் போகும் அந்த மனிதரின் அவமானத்தை, அதிக வசனம் இல்லாமலே அவர் உணர்த்தினார். 1987 இல் மணிரத்னத்தின் 'நாயகன்' படத்தில், பம்பாய் தாராவியில் வேலு நாயக்கரின் பக்கத்திலேயே நிற்கும் ஐயர். இதுவும் புலம்பெயர்ந்த தமிழர் கதை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1989 இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் நான்கு வில்லன்களில் ஒருவர். 1996 இல் 'அவ்வை சண்முகி'யில் சிரிக்க வைக்கும் சேதுராம ஐயர். 1994 இல் தமிழக அரசின் கலைமாமணி விருது அவருக்கு வழங்கப்பட்டது.

பாலக்காட்டு மணி ஐயர்

கேரளத் தமிழரான நமக்கு மிகவும் நெருங்கிய பாத்திரம், 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் அவர் ஏற்ற பாலக்காட்டு மணி ஐயர். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய அப்படத்துக்கு வசனம் எழுதியவர் கிரேசி மோகன். நான்கு வேடங்களில் நடித்த கமலஹாசனின் ஒரு வேடம் சமையல்காரர் காமேஸ்வரன். அவரை எடுத்து வளர்த்த தந்தைதான் மணி ஐயர்.

இந்தப் பெயரில் ஒரு குறும்பு உண்டு. பாலக்காட்டு மணி ஐயர் என்றால் இசை உலகம் கைகூப்பும் மிருதங்க மேதை (1912-1981). சங்கீத கலாநிதி, பத்மபூஷண் முதலிய சிறப்புகளைப் பெற்றவர். படத்திலோ அதே பெயரில் ஒரு கல்யாணச் சமையல்காரர்! பாலக்காட்டுச் சமையல்காரர்களின் கைப்பக்குவம் ஊரறிந்தது என்பதால், அந்தப் பாத்திரமும் ஒட்டிக்கொண்டது. மிருதங்க வித்துவானாக ஒரு படத்தில் நடித்தவரே, ஐந்து ஆண்டுகள் கழித்து மிருதங்க மேதையின் பெயர் கொண்ட சமையல்காரராக வந்தார்.

நம் பக்கத்துத் தமிழைச் சினிமாவில் கேட்டால் நமக்கு இரண்டு விதமான உணர்ச்சி வரும். நம் பேச்சு திரையில் ஒலிக்கிறதே என்ற மகிழ்ச்சி ஒன்று. கேலி செய்கிறார்களோ என்ற கூச்சம் மற்றொன்று. நடுநடுவே மலையாளச் சொல் கலந்து, ராகம் போட்டுப் பேசுகிறவர் திரையில் வந்தாலே சிரிக்க வேண்டும் என்று பல படங்கள் பழக்கிவிட்டன. மணி ஐயரைப் பார்த்தும் சிரிக்கிறோம். ஆனால் ஏன் சிரிக்கிறோம் என்று யோசித்தால் வித்தியாசம் புரியும். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகிறது. இத்தனை நாள் சேர்த்த நல்ல பெயர் ஒரு நொடியில் போய்விடுமே என்று அந்த மனிதர் பதறுகிறார். அந்தப் பதற்றம் உண்மையாக இருப்பதால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. பேச்சு வழக்கைக் கோமாளித் தொப்பியாக மாட்டிக்கொள்ளாமல், ஒரு தகப்பனின் கவலையையும் தொழில்காரரின் மானத்தையும் அதே வழக்கில் பேசிக் காட்டினார் டெல்லி கணேஷ்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் விடுமுறைக்குத் தமிழ்நாட்டு உறவினர் வீடுகளுக்குப் போய்த் திரும்பும்போது சோர்ந்து வருவதை நாம் பார்க்கிறோம். "உன் தமிழ் மலையாளம் மாதிரி இருக்கிறதே" என்று அத்தை பிள்ளைகளும் மாமா பிள்ளைகளும் சிரித்திருப்பார்கள். இங்கே பள்ளியில் பேசினாலோ, தமிழ் வாடை அடிக்கிறது என்று மலையாளப் பிள்ளைகள் சொல்வார்கள். இரண்டு பக்கமும் கேலி கேட்ட பிள்ளை கடைசியில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறது. அதற்கு நாம் மணி ஐயரைக் காட்டலாம். எந்த ஊர்த் தமிழும் குறைந்ததல்ல, அதை மனமொன்றிப் பேசுகிறவனிடம் அது அழகாகவே இருக்கும் என்று சொல்லலாம்.

சின்னத்திரையும் கடைசி நாட்களும்

1993 இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின் தமிழ்த் தொடர்கள் பெருகின. நம் லயத்து வீடுகளிலும் மாலை நேரத்தில் தமிழ்க் குரல் கேட்கத் தொடங்கியது. டெல்லி கணேஷ் அங்கும் வந்தார். 'மர்மதேசம்', 'கஸ்தூரி', 'செல்லமே' முதலிய தொடர்களில் நடித்தார். வயதானபின் ஒதுங்கிவிடவில்லை. பேரன் வயதுப் பிள்ளைகள் எடுத்த குறும்படங்களிலும் தயங்காமல் நடித்தார். 2018 இல் 'இரும்புத்திரை' படத்தில் விஷாலின் தந்தையாக நடித்தார். 2024 இல் வெளிவந்த 'இந்தியன் 2' படத்திலும் தோன்றினார்.

2024 நவம்பர் 9 ஆம் நாள் இரவு சென்னையில் தம் இல்லத்தில் அவர் காலமானார். வயது எண்பது. திரையுலகத்தாரும் ரசிகர்களும் அஞ்சலி செலுத்தினார்கள். முன்னாள் வீரர் என்ற முறையில் இந்திய விமானப்படையினரும் வந்து மரியாதை செய்தார்கள். சேவையை விட்டு ஐம்பது ஆண்டுகள் ஆகியும், டெல்லி நாட்களின் தொடர்பு கடைசி வரை அறுந்துவிடவில்லை.

நமக்கு ஒரு செய்தி

சங்க நாடகத்தில் நடித்தவர்கள் எல்லோரும் சினிமாவுக்குப் போய்விடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. டெல்லி மேடையில் அவரோடு நடித்தவர்களில் பெரும்பாலோர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றிருப்பார்கள். அவர்கள் செய்தது வீணா? வசனத்தை எடுத்துக் கொடுத்தவர், திரைச்சீலை இழுத்தவர், வேலை முடிந்து களைத்து வந்தும் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியவர் என்று பல பேர் சேர்ந்துதான் ஒரு கணேசனை டெல்லி கணேஷாக அனுப்பி வைத்தார்கள்.

அடுத்த பொங்கல் விழாவுக்கு நாடகம் போட ஆள் கேட்டு வரும்போது, பெற்றோர்கள் தயவுசெய்து பிள்ளைகளை அனுப்பி வையுங்கள். தோட்டத்துத் தமிழோ பாலக்காட்டுத் தமிழோ, வீட்டில் பேசும் தமிழிலேயே அவர்கள் மேடையில் பேசட்டும். யாரேனும் சிரித்தால் சிரிக்கட்டும். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொல்ல நம் பிள்ளைகளும் கற்றுக்கொள்வார்கள்.