சுவரில் தங்கிவிடும் புரதம்

முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம், நுண்குழாய்க்குள் மின்னழுத்தம் கொடுத்துப் புரதங்களைப் பிரிக்கும் கேபிலரி எலக்ட்ரோபோரேசிஸ் செய்பவர்களைப் பாடாய்ப் படுத்தும் புரதம். 50 மைக்ரோமீட்டர் உள்விட்டமுள்ள சிலிக்கா குழாயில் அதைச் செலுத்தி, 20,000 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். திரையில் ஊசிபோல எழவேண்டிய முகடு, பின்பக்கம் வாலை இழுத்துக்கொண்டு வரும். மறுமுறை செலுத்தினால் வந்துசேரும் நேரமே மாறியிருக்கும். சிலசமயம் வரவே வராது.

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஜார்கென்சனும் லூகாக்சும் 1981இல் இந்த முறையின் திறனைக் காட்டினார்கள். அதன் பலமே குழாயின் குறுகல்தான். மின்சாரத்தால் உண்டாகும் வெப்பம் சட்டென வெளியேறிவிடுகிறது. ஆனால் அதே குறுகலால் எந்தப் புரதமும் சுவரிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. சிலிக்காச் சுவர் எதிர்மின்சுமை கொண்டது. லைசோசைமோ பி.எச். 11 வரை நேர்மின்சுமையோடு திரிவது. ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? குழாய்க்குள் கரைசலை ஓடவைப்பதே சுவரின் மின்சுமைதான்; ஒட்டிய இடத்தில் அது மாற, கரைசல் ஓடும் வேகமும் மாறுகிறது. நேரம் தப்புவது இதனால்தான்.

கரைசலைக் கடும் காரமாக்கினால் புரதமும் எதிர்மின்சுமை பெற்று விலகும். ஆனால் சிலிக்காவே கரையத் தொடங்கும், புரதமும் குலையும். ஒட்டுவதைக் குறைக்க உப்பைக் கூட்டினால் சூடு ஏறும். சுவீடனின் யார்டென் 1985இல் சுவர்மீதே பாலிஅக்ரிலமைடைப் பிணைத்துப் பூசினார். அருமையான தீர்வு. ஆனால் அது கரைசலின் ஓட்டத்தையும் ஏறக்குறைய நிறுத்திவிடும். அப்போது நேர்மின்சுமைப் புரதங்கள் ஒரு முனைக்கும் எதிர்மின்சுமைப் புரதங்கள் மறுமுனைக்கும் போக, ஒரே சோதனையில் இரண்டையும் பார்க்க முடியாது. பாலிபிரீன் என்ற நேர்மின்சுமைப் பாலிமரைப் பூசினால் சுவர் நேர்மின்சுமைக்கு மாறி லைசோசைமைத் தள்ளிவிடுகிறது; ஓட்டமும் திசை திரும்புவதால் மின்முனைகளை மாற்றிப் போடவேண்டும்.

புதிய பூச்சு எதுவானாலும் முகட்டின் கூர்மையை மட்டும் பார்த்து மெச்சுவது போதாது என்பேன். பாதிப் புரதம் சுவரில் நிரந்தரமாகத் தங்கி, மீதி மட்டும் ஓடிவந்தாலும் முகடு கூர்மையாகத்தான் தெரியும். குழாயின் இரண்டு இடங்களில் அளந்து, வழியில் எவ்வளவு தொலைந்தது என்று காட்டவேண்டும்.

தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய்க்கான பரிசோதனையிலும் இதே குழாய்தான். ஹீமோகுளோபின் ஏ2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவரோ என்று சந்தேகிக்கிறார்கள். இயல்பான அளவோ அதற்குச் சற்றே கீழே. ஹீமோகுளோபின் எதிர்மின்சுமை பெறும் காரக் கரைசலில் இதைச் செய்வதால் சுவர் அதிகம் தொல்லை தருவதில்லை. பல ஆன்டிபாடி மருந்துகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவை எட்டு, ஒன்பது பி.எச். வரை நேர்மின்சுமையோடு இருப்பவை. அங்கே பூசிய குழாய்தான் கைகொடுக்கிறது.