வளவும் தறியும் உறுதியும்: மருதமுனையில் வீடு யாருடையது?

மருதமுனை என்றதும் வெளியூரார் இரண்டு விடயங்களைச் சொல்வார்கள். ஒன்று கைத்தறிச் சாறன். மற்றது இலக்கியம். புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன், மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி என்று பெயர்களை அடுக்குவார்கள். இரண்டும் சரி. ஆனால் இந்த ஊரின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அது வீடு. இன்னும் சரியாகச் சொன்னால், வீடு யாருடையது என்ற கேள்வி.

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பைத் தாண்டி, பெரியநீலாவணைக்கு இப்பால், மட்டக்களப்பு வீதியின் இருமருங்கிலும் எமது ஊர் அமைந்திருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அந்த மணலில்தான் வீடுகள், பள்ளிவாசல்கள், பாடசாலைகள், தறிகள், மையவாடி எல்லாம். வீதியிலிருந்து கடலை நோக்கி ஒழுங்கைகள் இறங்குகின்றன. ஏதாவது ஓர் ஒழுங்கையில் நின்று, "இது யார்ர ஊடு?" என்று கேட்டுப் பாருங்கள். "இது மூத்த ராத்தாட ஊடு, அங்கால சின்ன ராத்தாட, பின்னுக்கு இரிக்கிறது உம்மாட" என்றுதான் பதில் வரும். "மச்சான்ட ஊடு" என்று சொல்பவர் அரிது. மச்சான் அந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை.

மணலும் தறியும்

இந்த மணலில் நெல் விளையாது. தென்னை நிற்கும், முருங்கை நிற்கும். வயல் உள்ளவர்கள் மேற்கே போக வேண்டும்; கடற்றொழில் செய்பவர்கள் கிழக்கே போக வேண்டும். கடலும் வருடம் முழுவதும் இடம் கொடுப்பதில்லை. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரி மாதங்களில் கரைவலை இழுப்பவர்கள் பெரும்பாலும் கரையில்தான் இருப்பார்கள். கச்சான் வீசும் காலத்தில் தரையிலிருந்து வரும் அந்த வரண்ட காற்று உடம்பை எரிக்கும். கடலோ ஓரளவு அமைதியாக இருக்கும்.

நெசவுக்கு வயல் வேண்டாம், தோணியும் வேண்டாம். ஒரு கூரை, சமமான தரை, கொஞ்சம் நூல் இருந்தால் போதும். இடம் குறைந்து ஆள் கூடிய ஊரில் தறி ஏன் வேரூன்றியது என்பதற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். தறியில் ஓர் ஆள் இருந்தால், அவருக்குப் பின்னால் ஒரு வீடே வேலை செய்யும். நூலுக்குச் சாயம் போட வேண்டும், பாவுக்குக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும், ராட்டையில் நூல் சுற்ற வேண்டும். பெண்கள் வளவை விட்டு வெளியே போகாமலே உழைப்பில் பங்கெடுத்தார்கள். மழை பிடித்தால் கஞ்சி போட்ட பா காயாது, தறியும் மந்தமாகிவிடும்.

1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது உள்ளூர்த் துணிக்கு நல்ல கேள்வி இருந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தது. பல தறிகள் ஓய்ந்தன. இன்றும் சாறனும் சாரியும் நெய்யப்படுகின்றன. ஆனால் ஒரு காலத்தில் ஒழுங்கை முழுக்கக் கேட்ட அந்தச் சத்தம் இப்போது சில வீடுகளில்தான் கேட்கிறது. தறி ஓய்ந்த பிறகும் வீடு கட்ட வேண்டிய கடமை ஓயவில்லை. அதற்குப் பணம் தேடித்தான் பலர் மத்திய கிழக்குக்குப் போனார்கள். ஆண்கள் மட்டுமல்ல, மகளுக்கு வீடு கட்டவென்று போன உம்மாமாரும் உண்டு.

குடி வழி

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே குடி என்பது தாய்வழியாக வருவது. பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை என்பது பழைய வழக்கம். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் இருப்பார். இது எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களிலும் இதே குடி முறை உண்டு. மதத்தால் வேறுபட்டாலும், வீட்டை வைத்துக் குடும்பம் அமைக்கும் முறையில் நாங்கள் ஒரே மண்ணின் பிள்ளைகள்.

மட்டக்களப்புப் பகுதியில் முன்பு சொத்து தாய்வழியே இறங்கியது. அதை முக்குவர் சட்டம் என்றார்கள். கிறிஸ்தோபர் பிறிற்றோ அதைத் தொகுத்து 1876இல் நூலாக்கினார். அதே ஆண்டில் வந்த திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அந்தப் பழைய சட்டத்தின் செல்வாக்கு முடிவுக்கு வந்தது. முஸ்லிம்களுக்கு 1931இன் 10ஆம் இலக்க மரபுரிமைச் சட்டம் வந்தது. ஆனால் வழக்கம் சாகவில்லை. வேறு வாசலால் உள்ளே வந்தது. மரணத்துக்குப் பிறகு சொத்து தாய்வழியே போவதற்குப் பதிலாக, கலியாணத்தின்போதே வீடு மகளுக்குப் போனது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த மாற்றத்தை விரிவாக எழுதியிருக்கிறார்.

எங்கள் உம்மம்மா மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் பெரிய வீட்டை விட்டுப் பின்வளவில் கிடுகால் மறைத்த சிறு வீட்டுக்குப் போனார். அடுத்த மகளுக்கு அந்த இடம் கல்வீடானது. அவர் இன்னும் கொஞ்சம் கிழக்கே நகர்ந்தார். "பொம்புளப் புள்ளக்கி ஒரு கூரை இரிக்கோணும் மகன், ஆம்புளப் புள்ள எங்கயும் படுப்பான்" என்பார். வளவு இப்படித் துண்டு துண்டாகி, ஊர் தலைமுறைக்குத் தலைமுறை கடலை நெருங்கியது.

மார்க்கத்தின் பக்கம்

இங்கே ஒரு கேள்வி எழும். சூரதுன் நிஸாவின் 11ஆம் வசனம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கு வகுத்திருக்க, வீடு முழுவதையும் மகளுக்குக் கொடுப்பது சரியா? உயிரோடிருக்கும்போது கொடுப்பது ஹிபா. மரணத்தின் பின் மிஞ்சுவதே பராயிள் பங்கீட்டுக்கு வரும் என்பது வழமையான பதில். ஆனால் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸ், பிள்ளைகளுக்கு அன்பளிப்புச் செய்வதில் நீதி வேண்டும் என்று எச்சரிக்கிறது. மகனுக்குப் படிப்போ, வயலோ, தொழிலுக்கு முதலோ கொடுத்து ஈடு செய்த குடும்பங்கள் பல உண்டு. செய்யாத குடும்பங்களும் உண்டு. வீட்டோடு கைக்கூலியும் கேட்டு வாப்பாமாரை நசுக்கிய மாப்பிள்ளை வீட்டாரும் உண்டு. ஆகவே இந்த வழக்கத்தைப் புகழ்ந்து மட்டும் பேச என்னால் முடியாது. ஆனால் ஒரு நன்மையை மறுக்க முடியாது: தலாக் ஆனாலும் விதவையானாலும் எமது பெண் தெருவுக்கு வருவதில்லை. வெளியேற வேண்டியவர் மாப்பிள்ளைதான்.

கடல் வந்த நாள்

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா தினம். காலையில் கடல் வந்தது. இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மாவட்டங்களில் அம்பாறைக்கே மிகப் பெரிய இழப்பு. அதிலும் மருதமுனை மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று. ஜனாஸாக்களில் பெண்களும் சிறுவர்களுமே அதிகம். கடைசியாகக் கட்டிய வீடுகளே கடலுக்கு மிக அருகில் இருந்தன. அதாவது இளைய மகள்மாரின் வீடுகள். கலியாண வீட்டின் சுண்ணாம்பு மணம் மாறாத சுவர்கள் மணலோடு மணலாகின.

பிறகு கரையோரத்தில் வீடு கட்டத் தடை வந்தது. முதலில் கிழக்கில் 200 மீற்றர் என்றார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டது. எமது ஊரில் 65 மீற்றர் என்ற எண் நிலைத்துவிட்டது. மேட்டுவட்டையில் எழுந்த குடியிருப்பையே '65 மீற்றர் வீட்டுத் திட்டம்' என்றுதான் சொல்கிறோம். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்வெளி. கடலை நோக்கி நகர்ந்த ஊர் வயலை நோக்கித் திரும்பியது.

அங்கேதான் யாரும் எதிர்பாராத சிக்கல் வந்தது. அம்பாறைக் கரையோரத்தில் புது வீடுகளுக்குப் பெயர் பதிந்தபோது பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' யார் என்று கேட்டார்கள். குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்று எழுதிக்கொண்டார்கள். உம்மாவிடமிருந்து வந்த வளவை இழந்த பெண், தன் கணவனின் பெயரிலுள்ள வீட்டில் குடியேறினாள். சட்டமும் துணை நிற்கவில்லை. அரச காணிக்கான 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு வரிசை ஆணையே முன்வைத்தது. அது 2022இல்தான் திருத்தப்பட்டது. நூறாண்டுச் சட்ட மாற்றங்களைத் தாண்டி வந்த ஒரு வழக்கத்தை ஒரு படிவத்தின் ஒற்றை வரி அசைத்துவிட்டது.

இனி என்ன?

எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா தன் கல்வீட்டையும் தறியையும் கடலுக்குக் கொடுத்தவர். அவருக்குக் கிடைத்த புதிய வீடு கணவர் பெயரில் இருந்தது. மகளுக்குக் கலியாணம் பேசியபோது அந்த வீட்டை எழுதிக் கொடுக்க அவரால் முடியவில்லை. "முந்தி நான் குடுத்திரிப்பன், இப்ப அவர்ட்டக் கேக்கோணும்" என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை, வெட்கம்தான் இருந்தது.

உறுதியை எடுத்துப் பாருங்கள் என்று எமது ஊர்க் குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கணவன் பெயரில் மட்டும் இருந்தால் கூட்டுப் பெயராக மாற்ற வழி உண்டா என்று நொத்தாரிசிடமோ பிரதேச செயலகத்திலோ விசாரியுங்கள். மகளுக்குக் கொடுக்கும்போது மகனின் பங்கையும் நீதியாக எண்ணுங்கள். கைக்கூலியை விடுங்கள். தறியின் சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர எம்மால் முடியுமோ தெரியாது. ஆனால் ஒழுங்கையில் நின்று "இது யார்ர ஊடு?" என்று கேட்டால், சொல்லும் பதிலும் உறுதியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கச் செய்ய எம்மால் முடியும்.