உங்கள் கணக்கில் இன்னொருவர் முகவரி

2015 டிசம்பர் 25. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் இணையக் கடையில் பண்டிகைத் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. கணினி விளையாட்டு வாங்க வந்தவர்கள் தங்கள் கணக்கைத் திறந்தால், முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் மின்னஞ்சல் முகவரியும் அவர் வாங்கியவற்றின் பட்டியலும் வந்து நின்றன. சிலர் கண்ணில் பிறருடைய பில்லிங் முகவரியும் பட்டது. பூட்டை உடைத்து யாரும் உள்ளே புகவில்லை, கடையின் செர்வரே எடுத்து நீட்டியது. அன்று கடையைத் திணறடிக்க நடந்த தாக்குதலால் எகிறிய நெரிசலைச் சமாளிக்க, பேஜ் கேஷிங் (தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்து மறுபடி கொடுப்பது) விதிகளை அவசரமாக மாற்றியதில் ஒன்று தவறிவிட்டது. சுமார் 34,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று வால்வ் பின்னர் அறிவித்தது.

கேஷிங் வேண்டாம் என்று இதைச் சொல்லவில்லை. அது இல்லாமல் கடை நடத்துவது, பந்தியில் உட்கார்ந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உலை வைப்பது மாதிரி. இணையக் கடையில் ஒரே சேலையின் பக்கத்தை ஆயிரம் பேர் கேட்டால், பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி நிரல் ஆயிரம் முறை ஓடுகிறது, டேட்டாபேஸ் ஆயிரம் முறை பதில் சொல்கிறது. ஒருமுறை தயாரான பக்கத்தை அப்படியே எடுத்து வைத்துக் கொடுத்தால் சின்ன செர்வரும் தாங்கும்.

இதற்குப் பெயர்பெற்ற வார்னிஷ் மென்பொருள், நார்வேயின் வி.ஜி. நாளிதழின் இணையதளத்துக்காகப் பிறந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பால் ஹென்னிங் காம்ப் அதை உருவாக்கினார். 2006இல் முதல் பதிப்பு வந்தது. நாளிதழில் எல்லோருக்கும் ஒரே செய்திதான். கடை அப்படி இல்லை. சேலையின் படம் ஊருக்குப் பொது, கூடையும் முகவரியும் ஒருவருக்கு மட்டுமே சொந்தம். சிக்கல் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அதனால் எதைச் சேமிப்பது என்பதைவிட எதைத் தொடவே கூடாது என்பதை முதலில் எழுதுங்கள். கூடை, பணம் செலுத்தும் பக்கம், 'என் கணக்கு' மூன்றும் விலக்கு. கூடையில் பொருள் விழுந்ததும் வூகாமர்ஸ் கடை மென்பொருள் வாங்குபவரின் பிரவுசரில் ஒரு குக்கீயை வைக்கும். அந்தக் குக்கீயோடு வருகிறவரை நேராக பிஎச்பிக்கு அனுப்பிவிடுங்கள். பக்கத்தின் மேல்மூலையில் தெரியும் கூடை எண்ணிக்கையை ஜாவாஸ்கிரிப்ட் தனியாகக் கேட்டு வாங்கட்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாகக் குக்கீ வைக்கும் பதிலை என்ஜின்எக்ஸ் வெப் செர்வர் இயல்பாகவே சேமிக்காது. "பக்கம் சேமிப்பில் ஏறவே மாட்டேன் என்கிறது" என்று அலுத்துக்கொண்டு, அந்தக் காவலைப் புறக்கணிக்கச் சொல்லும் வரியைப் பலர் செட்டிங்கில் சேர்த்துவிடுகிறார்கள். அப்புறம் ஒருவரின் செஷன் குக்கீ அடுத்தவர் கைக்குப் போகலாம். வேகத்துக்காகக் கொடுக்கக் கூடாத விலை அது.

விலையோ இருப்போ மாறினால் அந்தப் பக்கத்தின் பழைய பிரதியை உடனே அழிக்க ஏற்பாடு வேண்டும். இல்லாவிட்டால் பழைய விலையே நெடுநேரம் தெரியும்: மஜெண்டோ 2 கடை மென்பொருளில் சேமிப்பின் ஆயுள் இயல்பாகவே 86,400 வினாடிகள், அதாவது ஒரு முழு நாள்.

கடையைத் திறக்கும் முன் இரண்டு பிரவுசர்களில் இரண்டு கணக்குகளோடு நுழையுங்கள். இரண்டிலும் வெவ்வேறு பொருளைக் கூடையில் போட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பாருங்கள். ஒன்றின் பெயர் மற்றொன்றில் ஒருமுறை தெரிந்தாலும் கேஷிங்கை அணைத்துவிடுங்கள்.